சிக்லிட் தொட்டியில் செடி வைக்கும் முன்

"சிக்லிட் எந்தச் செடியைக் கடிக்காது சார்?" மீன்தொட்டி அமைத்துத் தரச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் பதிலுக்குக் கேட்பது, எந்த சிக்லிட் என்று. 1,600-க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய பெரிய மீன் குடும்பம் அது. ஏஞ்சலும் அதில்தான் வருகிறது, ஆஸ்காரும் அதில்தான் வருகிறது. ஏஞ்சல் அகன்ற இலையாகப் பார்த்துத் தேடிப்போய் முட்டையிடும். ஆஸ்கார் அதே செடியை நட்ட மறுநாளே பிடுங்கி மிதக்கவிட்டிருக்கும்.

செடிகள் கடிபட்டுத்தான் சாகின்றன என்ற எண்ணமே பாதி தவறு. நான் பராமரிக்கும் தொட்டிகளில் தின்னப்பட்ட செடிகளைவிடத் தோண்டப்பட்ட செடிகளே அதிகம். கன்விக்ட், ஜுவல் போன்ற சிக்லிட்கள் இனப்பெருக்கக் காலத்தில் குழி பறிக்கும். ஜியோஃபேகஸ் நாள் முழுக்க மணலை வாயில் அள்ளிச் சலித்து, செவுள் வழியே கொட்டிக்கொண்டே இருக்கும். உண்மையான இலைதின்னிகள் என்றால் ஊவாரு, ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் வாழும் ட்ரோஃபியஸ், அங்குள்ள மலாவி ஏரியில் பாறைப் பாசியைச் சுரண்டி வாழும் ம்புனா ஆகியவற்றைச் சொல்லலாம். ராம், அபிஸ்டோகிராமா போன்ற குட்டி சிக்லிட்களோ செடிக்கு ஒரு தொல்லையும் தருவதில்லை. செடி அடர்த்தியாக இருந்தால்தான் அவை பயம் தெளிந்து வெளியே வரும்.

கடிக்கும் தோண்டலுக்கும் அடுத்து, செடி சாவதற்கு மூன்றாவது காரணம் தண்ணீர். மலாவி மீன்களுக்கு, அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.8 முதல் 8.6 வரையுள்ள கடின நீர், அதாவது தாது உப்பு அதிகமுள்ள நீர் வேண்டும். டாங்கனிக்கா மீன்களுக்கு 9 வரைகூடப் போகலாம். மென்னீரில் வளரும் செடியை அதில் வைத்தால் மெல்ல அழுகும். அழுகினால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது. அழுகும் இலை அம்மோனியாவை விடுகிறது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில் அந்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8.5-இல் அது ஏறத்தாழ 15 சதவீதம். ஏஞ்சல் போன்ற அமேசான் மீன்கள் இருக்கும் மென்னீர்த் தொட்டியில் ஒன்றும் செய்யாத அதே அளவு அழுகல், மலாவி தொட்டியில் மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். அதனால்தான் செடித் தேர்வை நான் அலங்கார விஷயமாகப் பார்ப்பதில்லை.

முரட்டு சிக்லிட்களுக்கு என் முதல் தேர்வு அனுபியாஸ். இலை தோல்போலத் தடிமனானது. கடித்தால் வாயை உறுத்தும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகளும் அதில் உண்டு. பெரும்பாலான மீன்கள் ஒருமுறை ருசி பார்த்துவிட்டு விட்டுவிடும். ஜாவா ஃபெர்னையும் பெரும்பாலும் தொடாது. இரண்டுமே மண்ணில் நட வேண்டாத செடிகள் என்பது அதைவிடப் பெரிய வசதி. தோண்டுகிற மீனுக்குத் தோண்ட ஒன்றும் இருக்காது. ஆனால் இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரைசோம் எனப்படும் கிடைமட்டமான தடித்த தண்டை மணலுக்குள் புதைத்துவிட்டால் அது அழுகி, இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். அதைக் கல்லின்மேல் வைத்து நூலால் கட்டுங்கள். ஜெல் வடிவ சூப்பர் குளூ ஒரு சொட்டு வைத்தும் ஒட்டலாம். வேர் தானாகக் கல்லைப் பற்றிக்கொள்ளும். மலாவி தொட்டி என்றால் மரக்கட்டையைத் தவிர்த்துக் கல்லையே பயன்படுத்துங்கள். கட்டையிலிருந்து இறங்கும் டானின் என்ற அமிலத் தன்மையுள்ள பொருள் பி.எச்.சைக் கீழே இழுக்கப் பார்க்கும். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் நோய் என்று பயந்து வெட்டிப் போடாதீர்கள். அவை வித்துப் பைகள்.

நடுகிற செடிதான் வேண்டும் என்பவர்களுக்கு வாலிஸ்னேரியா. மலாவி, டாங்கனிக்கா ஏரிகளிலேயே இது இயற்கையாக வளர்கிறது. மலாவியின் லிவிங்ஸ்டோனி என்ற சிக்லிட், இந்தப் புல்வெளிகளை ஒட்டிய மணலில் செத்ததுபோல் சாய்ந்து கிடந்து, கிட்ட வரும் குட்டி மீன்களைக் கவ்விவிடும். கடின நீரில் இருக்கும் பைகார்பனேட்டையே கார்பனாக எடுத்துக்கொள்ளத் தெரிந்த செடி இது. வேரைச் சுற்றி உள்ளங்கை அளவுக் கற்களை அடுக்கி வைத்து, மீனை விடுவதற்கு முன் சில வாரங்கள் வேரூன்ற விடுங்கள். லிக்விட் கார்பன் என்று பாட்டிலில் விற்பதை மட்டும் இதற்கு ஊற்ற வேண்டாம், இலை கரைந்துபோகும். ம்புனாக்கள் இதைக் குதறிப் பார்க்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலாவியின் பீக்காக் வகை சிக்லிட்களோடு பெரும்பாலும் பிரச்சினை வராது.

ஏஞ்சல், ராம் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு தாராளம். அமேசான் ஸ்வார்டு, கிரிப்டோகோரைன், ஜாவா பாசி என்று எதையும் வைக்கலாம். கிரிப்டோகோரைன் இடம் மாறியதும் இலைகளையெல்லாம் உதிர்த்துவிடும். வேரைப் பிடுங்காமல் விட்டால் திரும்பத் துளிர்க்கும். உதிர்ந்த இலையை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். டிஸ்கஸுக்குத் தண்ணீர் 28 முதல் 30 டிகிரி வரை சூடாக இருக்க வேண்டும் என்பதால் அங்கே பட்டியல் சுருங்கும். ஸ்வார்டும் அனுபியாஸும் அந்தச் சூட்டைத் தாங்கும்.

கடைகளில் நீர்ச்செடி என்ற பெயரில் விற்கும் சில செடிகள் நீர்ச்செடிகளே அல்ல என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? லக்கி பேம்பூ, மாண்டோ புல், சின்கோனியம் எல்லாம் தரைச்செடிகள். முழுவதும் மூழ்க வைத்தால் சில வாரம் பச்சையாக நின்று ஏமாற்றும். பிறகு தண்டு கொழகொழவென்று ஆகும். மேலே சொன்ன அம்மோனியாக் கதை பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது. தண்ணீரை விட்டு வெளியே எடுத்ததும் துவண்டு விழாமல் விறைப்பாக நிற்கும் செடியைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அனுபியாஸும் அப்படித்தான் நிற்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாமல், பெயரைக் கேட்டு விசாரித்து வாங்குங்கள்.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை. நான் சொன்ன செடிகள் அது இல்லாமலே வளரும். அந்த வாயு பி.எச்.சைக் குறைக்கும் என்பதால் ஏரி மீன்களுக்கு அது எதிர்வேலைதான். விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். கூட்டினால் அனுபியாஸ் இலைமேல் கரும்பாசி படியும். நைட்ரஜன் உரமும் வேண்டாம், அதை மீன்களே வேண்டிய மட்டும் தந்துவிடும்.

வாங்கி வந்த செடியை நேராகத் தொட்டிக்குள் போடாதீர்கள். பூச்சிமருந்தும் நத்தை முட்டையும் கூடவே வந்திருக்கலாம். தனி வாளியில் வைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, ஒரு வாரம் பாருங்கள். நத்தையை ஒழிக்கத் தாமிரம் கலந்த மருந்தைத் தொட்டியில் ஊற்றினால் செடியும் சேர்ந்து கருகும். வெட்டி எடுத்த கிளைகளையும் கூடுதலாகப் பெருகிய வாலிஸ்னேரியாவையும் குளத்திலோ வாய்க்காலிலோ வீசாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்துத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிடுங்கள்.