'எல்லாக் கிராமத்துக்கும் கரண்ட் வந்துவிட்டது' என்று நாடாளுமன்றத்தில் சொன்னால் என்ன பொருள்?

கிராமத்து மின்சாரம் பற்றி நாடாளுமன்றத்தில் யாராவது கேள்வி கேட்டால், மின்துறை அமைச்சகத்தின் பதிலில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: மாநிலங்கள் தெரிவித்தபடி, மக்கள் வசிக்கும் கணக்கெடுப்புக் கிராமங்கள் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிக் கிராமமாகப் பதிவானவை) அனைத்தும் 2018 ஏப்ரல் 28 அன்று மின்மயமாகிவிட்டன. 2018 ஜூலை 20 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குப் பதில் சொன்ன பிரதமர் நரேந்திர மோடியும் 18 ஆயிரம் கிராமங்களுக்கு மின்சாரம் போனதைச் சாதனையாக எடுத்துச் சொன்னார். சாதனைதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தப் பேச்சைக் கேட்கிற ஒருவர், தன் வீட்டில் இன்னும் சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்தால், அமைச்சர் பொய் சொல்கிறார் என்றுதான் நினைப்பார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். எப்படி என்று தெரிந்துகொண்டால்தான் நமக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்க முடியும்.

'மின்மயமான கிராமம்' என்ற சொல்லுக்கு அரசு வைத்திருக்கும் அளவுகோல் இரண்டு முறை மாறியிருக்கிறது. 1997 வரை, கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எங்காவது, எதற்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும். வயலில் ஒரே ஒரு பம்புசெட் ஓடினாலும் கணக்கு முடிந்தது. 1997ல் அதை மாற்றி, மக்கள் குடியிருக்கும் பகுதிக்குள் மின்சாரம் வந்திருக்க வேண்டும் என்றார்கள். இப்போதுள்ள அளவுகோல் 2004-05ல் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பில் மின்மாற்றியும் கம்பியும் இருக்க வேண்டும், தலித் குடியிருப்பு தனியாக இருந்தால் அங்கேயும் இருக்க வேண்டும். பள்ளிக்கூடம், பஞ்சாயத்து அலுவலகம், சுகாதார நிலையம் போன்ற பொது இடங்களுக்கு மின்சாரம் வந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே, மொத்த வீடுகளில் குறைந்தது 10 சதவீதத்துக்காவது இணைப்பு இருக்க வேண்டும்.

அந்த 10 சதவீதத்தில்தான் விஷயமே இருக்கிறது. 200 வீடுள்ள ஊரில் 20 வீட்டில் விளக்கு எரிந்தால், அந்த ஊர் மின்மயமான ஊர். மீதி 180 வீடு இருட்டில் கிடந்தாலும் பட்டியலில் அது தெரியாது. இன்னொன்றும் உண்டு. கணக்கு எடுப்பது கணக்கெடுப்புக் கிராமத்தை வைத்து. மலைமேல் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குக்கிராமம் தனிக் கிராமமாகக் கணக்கில் வராது. அடிவாரத்து ஊரோடு சேர்ந்துவிடும். அடிவாரத்தில் கரண்ட் வந்தால் மேலே இருப்பவர்களுக்கும் வந்ததாகவே ஏட்டில் பதிவாகும்.

எண்களையும் பார்த்துவிடலாம். 2015 ஏப்ரல் 1 நிலவரப்படி மின்சாரம் இல்லாத கிராமங்கள் 18,452. அவற்றை 1000 நாளில் முடிப்பதாக அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று பிரதமர் செங்கோட்டையில் அறிவித்தார். தீன்தயாள் உபாத்யாய கிராம ஜோதித் திட்டத்தின் கீழ் வேலை நடந்தது. மணிப்பூரின் லெய்சாங் என்ற மலைக் கிராமம் கடைசியாக இணைந்தது. அதற்கு முன்பே, 2005ல் தொடங்கிய ராஜீவ் காந்தி கிராம மின்மயத் திட்டம் லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குக் கம்பி இழுத்திருந்தது. எந்தக் கட்சிக்காரர் பேசினாலும் மற்றவர் செய்ததை விட்டுவிட்டுத்தான் பேசுவார். கேட்கிற நாம் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கிராமக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு என்பது அரசுக்கும் தெரியும். அதனால்தான் 2017 செப்டம்பரில் சௌபாக்யா திட்டம் வந்தது. 2011ன் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் ஏழைகளாகக் குறிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இணைப்பு இலவசம். மற்ற வீடுகளுக்கு 500 ரூபாய், அதையும் பில்லோடு 10 தவணையாகக் கட்டலாம். 2022 மார்ச் 31 அன்று திட்டத்தை முடிக்கும்போது 2 கோடியே 86 லட்சம் வீடுகளுக்கு இணைப்பு கொடுத்திருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். விடுபட்ட கிராமங்கள் 18 ஆயிரம்தான். அவற்றில் மட்டும் இத்தனை கோடி வீடு இருந்திருக்கவே முடியாது. ஆக, இவற்றில் பெரும்பாலான வீடுகள் ஏற்கெனவே மின்மயமானதாக எழுதப்பட்ட ஊர்களில் இருந்தவைதான்.

கம்பி எட்டாத இடங்களில் சூரியத் தகடு வைத்தார்கள். 200 முதல் 300 வாட் தகடு, பேட்டரி, 5 எல்.இ.டி. விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு பிளக். பழுது பார்ப்பது 5 ஆண்டுக்கு மட்டும். 2018ல் வைத்ததற்கு 2023லேயே அந்தக் காலம் முடிந்துவிட்டது. பேட்டரி செத்துப்போன வீடும் 'மின்சாரம் பெற்ற வீடு' என்றே ஏட்டில் நிற்கும். அப்படிப்பட்ட வீடுகளை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவையில் யாராவது உரக்கக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, சௌபாக்யா முடிந்துவிட்டது, இன்னும் இணைப்பு இல்லாதவர் என்ன செய்வது? விடுபட்ட வீடுகளுக்கான பணம் இப்போது 2021ல் தொடங்கிய சீரமைக்கப்பட்ட விநியோகத் திட்டத்தின் வழியாக வருகிறது. மிகவும் பின்தங்கிய பழங்குடியினருக்கான பி.எம். ஜன்மன் திட்டத்து வீடுகளும் அதில் அடக்கம். ஆனால் திட்டம் வரும், போகும். நிற்பது சட்டம்.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் மின்சாரம் கொடுப்பது விநியோக நிறுவனத்தின் கடமை. தவறினால் நாளொன்றுக்கு 1000 ரூபாய் வரை அபராதம். நுகர்வோர் உரிமை விதிகள் 2020ல் வந்து, 2024ல் திருத்தப்பட்டன. அதன்படி கிராமப்புறத்தில் 15 நாள், மலைப்பகுதிக் கிராமத்தில் 30 நாள்தான் உச்சவரம்பு. 10 கிலோவாட் வரையிலான இணைப்புக்கு இரண்டே ஆவணம்: ஓர் அடையாளச் சான்று, வீட்டில் குடியிருப்பதற்கான சான்று. பட்டா இல்லையென்றால் வேறு முகவரிச் சான்று கொடுக்கலாம். பட்டா இல்லாததையே காரணமாகச் சொல்லி ஈ.பி. ஆபீஸில் திருப்பி அனுப்பினால், இந்த விதியைக் காட்டிப் பேசுங்கள்.

இதில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். புதிதாக லைன் இழுக்கவோ துணை மின்நிலையம் அமைக்கவோ வேண்டியிருந்தால், இந்தக் கெடு தள்ளிப்போகும். மின்வசதியே இல்லாத குக்கிராமத்துக்கு எவ்வளவு காலம் நீட்டிப்பது என்பதை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்யலாம். யாருக்கு மிகவும் அவசரமோ, அவர்களே காத்திருக்கும்படி ஆகிவிடுகிறது.

காட்டுக்குள் இருக்கும் ஊர்களுக்கு வனத்துறை அனுமதி இல்லை என்று சொல்லிப் பல ஆண்டு இழுத்தடிப்பார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, அரசு செய்து தரும் 13 வசதிகளுக்காக வன நிலத்தைப் பயன்படுத்த வழி விடுகிறது. அதில் மின்கம்பியும் உண்டு. ஓர் இடத்துக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை.

கிராம சபை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, பலருக்கும் தெரியாதது. 2006ல் வந்த கிராம மின்மயக் கொள்கைப்படி, ஓர் ஊர் மின்மயமாகிவிட்டது என்று முதல் சான்று தர வேண்டியது கிராமப் பஞ்சாயத்து. அதோடு விடாமல், ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31 நிலவரத்தை அதே பஞ்சாயத்து உறுதி செய்யவும் வேண்டும். 'மாநிலங்கள் தெரிவித்தபடி' என்று டெல்லியில் படிக்கப்படும் வரியின் வேர் இங்கேதான் இருக்க வேண்டும். உங்கள் பஞ்சாயத்தில் அந்தச் சான்று இருக்கிறதா, அதில் எத்தனை வீடு என்று எழுதியிருக்கிறது, எந்தெந்தக் குடியிருப்பைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

அப்புறம் உங்கள் எம்.பி.யும் இருக்கிறார். மின்சாரத் திட்டங்களைக் கவனிக்க மாவட்டந்தோறும் ஒரு குழு அமைக்கும்படி 2022ல் ஒன்றிய அரசு உத்தரவிட்டது. மாவட்டத்தின் மூத்த எம்.பி.தான் அதற்குத் தலைவர், ஆட்சியர் உறுப்பினர் செயலர், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். அவையில் பேச அவருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும். இந்தக் கூட்டத்தில் அதிகாரிகள் அவருக்கு நேரே உட்கார்ந்திருப்பார்கள். விடுபட்ட வீடுகளின் பட்டியலைக் கூட்டத்துக்கு முன்பே அவர் கையில் சேர்த்துவிடுங்கள். அவையில் எழுத்துப்பூர்வக் கேள்வி கேட்கச் சொல்வதாக இருந்தால், 'எத்தனை கிராமம்' என்று கேட்க வேண்டாம், 'எத்தனை குக்கிராமம், எத்தனை வீடு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம்' என்று கேட்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தை வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 43வது பிரிவின் நாள்கணக்கைக் காட்ட அந்தத் தேதிதான் சாட்சி. கெடு தாண்டினால் முதலில் விநியோக நிறுவனத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அங்கே தீரவில்லை என்றால் மின்குறை தீர்ப்பாளர். இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.