நெருப்புக்குள் ஒரு பளிங்கு

வெள்ளவத்தையிலிருந்து உயர்தர மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "சென்னைக்குப் போகேக்க இறக்கைக்குப் பக்கத்திலதான் எனக்கு சீட். உள்ளுக்குள்ள அவ்வளவு நெருப்பு எரிஞ்சும் எஞ்சின் ஏன் உருகிறேல்லை?"

கூடவே அம்மம்மாவின் கதையும் வந்திருக்கிறது. கோட்டையில் இரவு மெயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, அக்கரையில் மறுபடி ரயில் ஏறித்தான் மதராஸ் போனாராம். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாக மதராஸுக்குப் பறந்தது. இப்போது கட்டுநாயக்கவில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னை.

ஜெட் எஞ்சின் காற்றை உள்ளிழுத்து, அமுக்கி, எரிபொருளோடு எரித்து, பின்னால் தள்ளுகிறது. மீதியை நியூட்டனின் மூன்றாம் விதி பார்த்துக்கொள்ளும். வெளியேறும் வாயு போகிற போக்கில் டர்பைன் என்ற தகட்டுச் சக்கரத்தைச் சுழற்ற, அது முன்னாலுள்ள அமுக்கியைச் சுழற்றும். பிள்ளையின் கேள்வி அந்த டர்பைனின் முதல் வரிசைத் தகடுகளைப் பற்றியது. உள்ளங்கைக்குள் அடங்கும் நிக்கல் கலப்புலோகத் துண்டுகள் அவை. உருகுநிலை ஏறக்குறைய 1,350 பாகை செல்சியஸ். மோதும் வாயுவோ 1,500 பாகைக்கும் மேல். போதாததற்கு, சுழலும் வேகத்தில் ஒவ்வொரு தகட்டையும் பத்து டன்னுக்கு மேற்பட்ட விசை வெளியே இழுக்கிறது. காலி வீதியில் ஆட்கள் தொங்கிக்கொண்டு வரும் 100ஆம் இலக்க பஸ்ஸை ஒரு தகட்டில் கட்டித் தூக்கிவிட்ட மாதிரி.

உருகாததற்கு முதற்காரணம், தகட்டுக்குள்ளே குடைந்திருக்கும் வழிகள். அமுக்கியிலிருந்து திருப்பிய காற்று அவற்றுக்குள் ஓடி, மேற்பரப்பின் நுண்துளைகளால் கசிந்து, தகட்டைப் போர்வையாக மூடிக்கொள்கிறது. அந்தக் 'குளிர்' காற்றே 600 பாகைக்குக் குறையாது!

ஆனால் உருகாவிட்டாலும் உலோகம் மெல்ல மெல்ல நீளும். சாதாரண உலோகம் எண்ணற்ற சிறு பளிங்குகளின் (அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கிய துண்டுகளின்) கூட்டம். கடும் சூட்டில் பிடி விடுவது அவற்றுக்கு இடையிலான எல்லைகளில்தான். எல்லையே இல்லாவிட்டால்? முழுத் தகடும் ஒரே பளிங்கு! செய்யும் விதம் அதைவிட அழகு. அச்சின் அடியில் நீரால் குளிரூட்டிய செப்புத் தட்டு. உருகிய உலோகத்தை ஊற்றி, அச்சை உலையிலிருந்து மெல்லக் கீழே இறக்குவார்கள். அடியில் நூற்றுக்கணக்கான பளிங்குகள் முளைத்து, முண்டியடித்து மேலே வளரும். வழியில் பன்றிவால் போல் சுருண்ட ஒரு குழாய். வளைந்து வளைந்து போகையில் ஒன்றையொன்று மறித்து, கடைசியில் ஒன்றே ஒன்றுதான் மறுபக்கம் தலைகாட்டும். தகடு முழுவதும் அதுவாகவே வளரும்.

அச்சு எப்படி வந்தது? மெழுகில் தகட்டை வடித்து, மேலே பீங்கான் குழம்பு பூசி, மெழுகை உருக்கி வடித்துவிடுவார்கள். கொழும்பு நூதனசாலையில் நிற்கும் பொலன்னறுவை நடராசரை வார்த்ததும் இதே மெழுகு வழியில்தான். அங்கே பீங்கானுக்குப் பதில் களிமண். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டர்பைன் ஞாபகம் வருகிறது. பக்தர்கள் மன்னிக்கவும்.

இவ்வளவு கைத்திறனுக்கு வாரிசான நாங்கள் 2020இல் இராவணனின் வான்வழிகளுக்கு ஆவணம் கேட்டுப் பத்திரிகையில் அரச விளம்பரம் போட்டோம். புஷ்பக விமானமே குபேரனிடம் பறித்தது என்பதாவது நினைவில் இருந்திருக்கலாம். அந்த அக்கறையை ஒரு பல்கலைக்கழக வார்ப்பு உலைக்குக் காட்டியிருந்தால் எனக்குக் கோபமே வந்திராது.

"இனி எல்லாம் பற்றரியிலயா பறக்கும்?" என்பது அவளின் இரண்டாவது கேள்வி. ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறக்குறைய 12 கிலோவாட் மணி சக்தி. ஒரு கிலோ வழக்கமான லித்தியம் பற்றரியில் 0.3கூட வராது. எரிபொருள் எரிய எரிய விமானம் இலேசாகும், பற்றரி கடைசிவரை அதே பாரம். மின்மோட்டாரின் வினைத்திறன் கூடுதல்தான், ஆனாலும் இந்த இடைவெளியை அது அடைக்காது. லண்டனுக்கு நெடுங்காலம் ஏதோவொன்றை எரித்துத்தான் போகவேண்டும். ஐதரசனோ, தாவர எண்ணெயோ. பற்றரி முதலில் சரிவரக்கூடியது சின்ன விமானம், கிட்டிய தூரம். இரத்மலானை–பலாலி மாதிரி. அம்மம்மாவுக்கு ஜன்னலோரம் ஒரு சீட் பார்த்து வைக்கலாம்.