சத்துமாவை மாட்டுக்குக் கரைத்து ஊற்றாதீர்கள்

அரசு மருத்துவமனை ஒன்றில் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தையை வயிற்றுப்போக்கு என்று தூக்கி வந்தார்கள். எடை ஆறு கிலோ சொச்சம். மேற்கையில் அளவு நாடாவைச் சுற்றினால் சிவப்புக் கட்டத்தில் நின்றது. கைச்சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு.

"அங்கன்வாடியில சத்துமாவு வாங்குறீங்களாம்மா?"

"மாசா மாசம் வாங்குறோம் சார்."

"பாப்பாவுக்குக் கொடுக்குறீங்களா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பாட்டிதான் பதில் சொன்னார்: "அத யாரு சார் திங்கிறது? கறவை மாடு நிக்குது, அதுக்குக் கரைச்சு ஊத்திடுறோம். நல்லா பால் கறக்குது."

இந்தப் பதிலை எத்தனை முறைதான் கேட்பது? அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த "யாரு திங்கிறது" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். சும்மா கொடுப்பது மட்டமாகத்தான் இருக்கும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பாக்கெட்டில் இருப்பது வறுத்த கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம். இவற்றோடு வைட்டமின்களும் இரும்பு போன்ற தாதுச்சத்துகளும் சேர்க்கிறார்கள். இதில் மட்டமானது எது? உங்கள் வீட்டிலேயே ஒரு பாட்டி வறுத்து, முளைகட்டி, அரைத்துத் தந்தால் ஏறக்குறைய இதே மாவைத்தான் தருவார், வைட்டமின் மட்டும் இருக்காது. இதைக் கொடுத்தால் மாட்டுக்குப் பால் கூடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். மாவில் சத்து இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அந்தப் பாலும் சொசைட்டிக்குப் போகிறது. மீதி அரை டம்ளரில் தண்ணீர் கலந்து பிள்ளைக்கு வருகிறது. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலை மட்டுமே குடித்து வளரும் பிள்ளை கொழுகொழு என்றுகூட இருக்கலாம், ஆனால் ரத்தம் இருக்காது.

பால் காசு வந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும் என்பது எனக்குத் தெரியும். அதைக் குறை சொல்லவில்லை. மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் இருக்கின்றன. ஆறு மாதத்தில் இருந்து இரண்டு வயது வரை ஒரு பிள்ளைக்கு நழுவிப்போகும் வளர்ச்சியை, குறிப்பாக உயரத்தையும் மூளை வளர்ச்சியையும், பிற்பாடு எதைக் கொடுத்தும் முழுதாக ஈடுகட்ட முடியாது. அதற்காகத்தான் இந்தக் கெஞ்சல்.

இன்னொரு பக்கம், "அது ஏழைகளுக்குத்தானே டாக்டர், நாங்க ஏன் போய் வாங்கணும்" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கௌரவம் பார்த்து அங்கன்வாடிப் பக்கமே போகமாட்டார்கள். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளையும் மெலிந்துதான் இருக்கும். அங்கன்வாடியில் சத்துமாவு தரும் இந்தத் திட்டத்துக்கு வருமான வரம்பே கிடையாது. வறுமைக்கோட்டைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சட்ட உரிமையாகவே ஆக்கியது. கர்ப்பிணிக்கும், பிரசவமாகி ஆறு மாதம் வரை பாலூட்டும் தாய்க்கும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக இலவச ஊட்டச்சத்து தர வேண்டும். சட்டம் வந்தபோது தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம் என்றும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்றும் நிர்ணயித்தார்கள். இது வீட்டுச் சாப்பாட்டோடு கூடுதலாகச் சாப்பிட வேண்டியது. "கஞ்சி குடிச்சுட்டேன், மத்தியானச் சாப்பாடு வேண்டாம்" என்று இருந்தால் பலன் இல்லை.

பிரசவமானதும் மாவு வாங்குவதை நிறுத்திவிடும் தாய்மார்கள் நிறையப் பேர். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போவார்கள். பெயர் மாமியார் ஊர் அங்கன்வாடியில் இருக்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார். பால் கொடுக்கிற, உடம்புக்கு அதிகம் தேவைப்படுகிற அந்த மாதங்களில்தான் மாவு விட்டுப்போகிறது. தாய்வீட்டுப் பக்கத்து அங்கன்வாடியில் போய்ச் சொல்லுங்கள், பதிவை மாற்ற வழி இருக்கிறது. ஆதார் அட்டையையும் தாய் சேய் நல அட்டையையும் கையில் கொண்டு போங்கள். கர்ப்பம் உறுதியானதும், 12 வாரத்துக்குள், கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைக்கிற 18,000 ரூபாய்க்கும் அந்தப் பதிவுதான் அடிப்படை. அதில் 14,000 பணமாகவும், 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். பெட்டகத்தில் உள்ள பேரீச்சம்பழமும் நெய்யும் கர்ப்பிணிக்குத்தான். வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள்.

சரி, கடையில் விற்கிற சத்துபான டப்பாக்களுக்கு வருவோம். சத்துமாவை மாட்டுக்கு ஊற்றிவிட்டு, நானூறு ஐந்நூறு ரூபாய்க்குக் கடையில் பவுடர் வாங்குகிற வீடுகளைப் பார்க்கும்போது மனசு ஆறமாட்டேன் என்கிறது. அன்றாடங்காய்ச்சிக் குடும்பங்களும் வாங்குகின்றன. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் சர்க்கரைதான் முன்வரிசையில் நிற்கும். நம் நாட்டு உணவுச் சட்டத்தில் "ஆரோக்கிய பானம்" என்று ஒரு வகையே கிடையாது. இப்படிப்பட்ட பானங்களை அந்தத் தலைப்பில் விற்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள், பருப்பு வாங்குங்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் வேறொரு பயம். நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெரிதாகி ஆபரேஷன் ஆகிவிடும் என்று அரை வயிறாகவே சாப்பிட வைக்கிறார்கள். இது தவறு. பட்டினி கிடந்தால் எடை குறைந்த குழந்தைதான் பிறக்கும், அந்தக் குழந்தையை நாங்கள் இன்குபேட்டரில் வைத்துப் போராடுவோம். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. எனவே கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் போடுங்கள். டீ, காபியோடு சேர்த்துப் போடாதீர்கள்.

கஞ்சி காய்ச்சுவதில்தான் மற்றொரு தவறு. "கொடுக்குறேன் சார், எடை ஏறல" என்கிற அம்மாக்களிடம் எப்படிக் காய்ச்சுகிறீர்கள் என்று கேட்டால், பாட்டிலில் ஊற்றிக் குடிக்கிற பதத்தைச் சொல்வார்கள். தண்ணீர்தான் வயிற்றை நிரப்புகிறது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழிந்து ஓடக்கூடாது, மெல்ல நழுவ வேண்டும். அதுதான் பதம். முதலில் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அப்புறம் அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். இறக்கும்போது ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். வெல்லம் ஏற்கெனவே இருப்பதால் சர்க்கரை வேண்டாம். பால்புட்டி வேண்டவே வேண்டாம், கிண்ணமும் ஸ்பூனும் போதும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் முடிந்ததும் இரண்டு மூன்று ஸ்பூனில் ஆரம்பித்து, ஒரு வயதைத் தாண்டும்போது முக்கால் கிண்ணம், ஒரு கிண்ணம் என்று நாளைக்கு மூன்று நான்கு வேளை. தாய்ப்பாலும் கூடவே இரண்டு வயது வரை தொடரட்டும். கஞ்சி பிடிக்கவில்லை என்றால் கொழுக்கட்டையாகப் பிடியுங்கள், அடையாகத் தட்டுங்கள், உருண்டை செய்யுங்கள். பெரிய பிள்ளைகளுக்கும் பங்கு போகும் என்று தெரியும். சின்னப் பிள்ளையின் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுங்கள்.

இரண்டு வயதானால் அங்கன்வாடியிலேயே சூடான சாப்பாடு கிடைக்கும், வாரத்துக்கு மூன்று முட்டையும் உண்டு. அனுப்பி வையுங்கள். அங்கே இருக்கும் பணியாளர் சமைக்கிறார், எடை போடுகிறார், கணக்கு எழுதுகிறார், போதாததற்கு செல்போன் செயலியிலும் பதிவு செய்கிறார். அவரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கட்டாயம் கேளுங்கள். பாக்கெட்டை வாங்கும்போதே தேதியைப் பாருங்கள். பூச்சி, பூஞ்சை, சிக்கு வாடை இருந்தால் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். தரவில்லை என்றால் வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். நல்ல மாவைப் பிரித்தபின் ஈரம் படாத டப்பாவில் மூடி வையுங்கள்.

மாதாமாதம் எடை போடக் கூப்பிட்டால் தவறாமல் போங்கள். அட்டையில் பிள்ளையின் எடையைக் காட்டும் கோடு ஏறுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மாதம் ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ, பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள். காலில் வீக்கம் தெரிந்தாலும், கைநாடா சிவப்பைக் காட்டினாலும் அன்றே கிளம்பிவிடுங்கள். அந்த நிலைக்குப் போன பிள்ளைக்கு வீட்டுக் கஞ்சி மட்டும் போதாது. ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் தாயும் சேயுமாகத் தங்கவேண்டி வரும். வேலை கெடும், மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது என்று பாதியில் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள், தயவுசெய்து.