‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’

சமூகப்பணி படிக்கும் மாணவர்களுக்குக் களப்பணி மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “நாலு பேருக்கு உதவணும் மேடம்.” நல்ல மனசு. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவியைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “அக்கா, ஒண்ணு சொல்வேன், யார்கிட்டயும் சொல்லக்கூடாது” என்றிருக்கிறாள். மாணவியும் கையில் அடித்துச் சத்தியமே செய்துவிட்டாள். பிள்ளை சொன்னது வீட்டுக்கு வந்துபோகும் உறவுக்காரர் ஒருவரைப் பற்றி.

மாணவி நான்கு நாள் தூங்கவில்லை. களப்பணி நோட்டிலும் எழுதவில்லை. ஐந்தாம் நாள் என் முன்னால் வந்து அழுதாள்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு: 18 வயது நிறையாத பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதெல்லாம் அவள் பரீட்சையில் எழுதியதுதான். ரகசியம் காப்பது தொழில் நெறி என்பதையும் எழுதியிருந்தாள். இரண்டும் மோதும்போது வாயைத் திறந்து என்ன சொல்வது? அதை நாங்கள் சொல்லித்தரவில்லை. தப்பு என்னுடையதும்தான்.

இப்போதெல்லாம் களத்துக்கு அனுப்பும் முன் நடித்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒருவர் பிள்ளை, இன்னொருவர் மாணவர். பிள்ளை பேச ஆரம்பிக்கும் முன்பே இதைச் சொல்லிப் பழக வேண்டும்: “நீ சொல்றதை ஊரெல்லாம் சொல்லமாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா, காப்பாத்தக்கூடியவங்ககிட்ட சொல்லுவேன். அதை உன்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் செய்வேன்.”

பயந்து சொல்லாமலே போய்விட்டால் என்று கேட்பார்கள். போகலாம். கதவைத் திறந்து வைத்திருங்கள் என்பேன்.

அப்புறம், துருவிக் கேட்கக் கூடாது. விசாரணை நம் வேலை இல்லை. பிள்ளையின் வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொண்டு அன்றே மேற்பார்வையாளருக்குப் போன் செய்ய வேண்டும். ஆள் கிடைக்கவில்லையா, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. வகுப்பில் காட்டும் அறிக்கையில் பிள்ளையின் பெயர், ஊர், பள்ளி எதுவும் வரக்கூடாது.

அன்று புகாருக்கு முன் நாங்கள் இருவரும் அந்தப் பிள்ளையிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். என்னைப் பார்க்கவே இல்லை. “சத்தியம் பண்ணீங்களே அக்கா” என்று மட்டும் மாணவியிடம் கேட்டாள்.