பழம்பொருளில் ஒட்டியிருக்கும் மண்

பழம்பொருட்களைச் சுத்தம் செய்து செப்பனிடுவது என் தொழில். மேசைக்கு எது வந்தாலும் முதலில் அதைப் புரட்டி அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். பல வருடங்கள் அலமாரியில் இருந்த வெண்கலச் சிலையின் மடிப்புகளில் தூசியும் மெழுகும் படிந்திருக்கும். அண்மையில் தோண்டியதில் மண் கட்டியாகக் காய்ந்திருக்கும். கடப்பாரை பட்ட இடம் களிம்பு ஏறாமல் மின்னும். "தாத்தா காலத்துப் பொருள்" என்று கொண்டுவந்தவர் சொல்லிக்கொண்டிருப்பார். என் கண் அந்தக் கீறலிலேயே நிற்கும்.

"ரசீது இருக்கிறதே, போதாதா?" என்று வாங்கியவர்கள் கேட்பார்கள். போதாது. கடைசியாக விற்றவர் யார் என்பதற்குத்தான் ரசீது சாட்சி. அதற்கு முன் யாரிடம் இருந்தது, எந்த அனுமதியோடு நாட்டை விட்டு வெளியேறியது என்று அதில் இருக்காது. மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்கே உரியது என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. அங்கே திருட்டுத்தனமாகத் தோண்டியதை முழு விலை கொடுத்து வாங்கினாலும் பறிபோகலாம். திருட்டுப் பொருளைத் திருப்பித் தருபவர் இழப்பீடு கேட்க யுனிட்ராய்ட் என்ற பன்னாட்டுச் சட்ட அமைப்பின் 1995-ஆம் ஆண்டு உடன்படிக்கை இடம் தருகிறது. ஆனால் வாங்கும்போது தீர விசாரித்ததை அவரேதான் நிரூபிக்க வேண்டும்.

காகிதத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு, இன்றைய ஈராக் பகுதியில் பிறந்த பழங்காலக் கில்கமெஷ் காப்பியத்தின் ஒரு பகுதி எழுதப்பட்ட களிமண் பலகை போதும். 1981-இல் ஓர் ஏலத்தில், உதிரி வெண்கலத் துண்டுகள் அடங்கிய பெட்டிக்குள் கிடைத்ததாக அதற்கு ஒரு கடிதம் இருந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்று 2014-இல் 16 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்கு அதை வாங்கியது. கடிதம் பொய். 2019-இல் பறிமுதலான பலகை 2021-இல் ஈராக்குக்கே திரும்பியது.

கள்ளக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் வந்தது. பல அருங்காட்சியகங்கள் அந்த ஆண்டையே எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன; அதற்கு முன்பே நாட்டை விட்டு வெளியேறிய பொருள் என்றால் கேள்விகள் குறையும். அதனால், "அறுபதுகளில் வாங்கியது" என்று யாராவது வலியச் சொன்னால் எனக்குச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. 1995-இல் ஜெனிவாவில் ஒரு வியாபாரியின் கிடங்கைச் சோதனையிட்டபோது, மண் அப்பிய சாடிகளின் போலராய்டு படங்கள் ஆயிரக்கணக்கில் சிக்கின. அவற்றை எடுத்த, படம் உடனே வெளிவரும் மடிப்புக் கேமரா விற்பனைக்கு வந்ததே 1972-இல்தான்! தோண்டிய காலத்தைப் படமே காட்டிக்கொடுத்துவிட்டது.

சட்டம் தடுக்காத பொருளிலும் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. மண்ணின் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் பானை வெறும் அழகான பானைதான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சிறு மண் விளக்கைக் குழாயடியில் கழுவினேன். திரி முனையில் இருந்த கரி, குழிக்குள் இருந்த பிசுக்கு எல்லாம் தண்ணீரோடு போயிற்று. அந்தப் பிசுக்கைச் சோதித்திருந்தால் என்ன எண்ணெய் எரிந்தது என்று தெரிந்திருக்கக்கூடும். உரிமையாளருக்கோ, விளக்கு பளிச்சென்று ஆனதில் ஏக மகிழ்ச்சி.

இப்போது தூரிகையை எடுப்பதற்கு முன் ஒரு சிட்டிகை மண்ணைக் குப்பியில் போட்டு எண் எழுதி வைக்கிறேன். பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறேன். பதில் வராவிட்டால், வந்தபடியே மண்ணோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.