கருவாலி வேறு, கருங்காலி வேறு

இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் 1651 செப்டம்பரில் வூஸ்டர் போரில் தோற்று ஓடினான். பாஸ்கோபல் என்ற இடத்தில் ஒரு மரத்தின் மேல் ஏறி, பகல் முழுவதும் இலைகளுக்குள் பதுங்கிக் கிடந்து தப்பினான். தமிழில் குரல் கொடுத்து ஓடும் ஓர் ஆவணப்படம், அவன் ஏறியது "கருங்காலி மரம்" என்கிறது. சிறுவர் கதைகளிலும் பாடல் மொழிபெயர்ப்புகளிலும் இதே கருங்காலியைப் பலமுறை பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். இப்போது ஒரு மன்னனையே கொண்டுபோய் அதில் ஏற்றிவிட்டார்கள். இதற்கு மேல் சும்மா இருப்பது சரியில்லை.

அவன் ஏறியது ஓக் மரம். தமிழில் அதற்குப் பெயர் கருவாலி. கருங்காலி என்பது நம்மூர் மரம், எபனி. இங்கிலாந்தின் குளிரில் அது காட்டு மரமாக நிற்பதற்கு வழியே இல்லை. போதாக்குறைக்கு, நம்முடைய தொழிற்சங்கச் சுவரொட்டிகளில் கருங்காலி என்றால் வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கொடுப்பவன். கீழே எதிரிப் படை வீரர்கள் தேடிக்கொண்டிருக்க, ஒருவரும் காட்டிக்கொடுக்காததால் மன்னன் பிழைத்த கதையில் மரத்தின் பெயர் கருங்காலியாம். நகைச்சுவைக்காக எழுதினால்கூட இப்படி அமையாது.

முதலில் சொல்லின் பிறப்பு. ஓக் என்பது பழைய ஆங்கிலத்தில் "ஆக்". செருமானியக் கிளை மொழிகள் பலவற்றிலும் இதன் உறவுச் சொற்கள் உண்டு. தாவரவியலார் வைத்த பெயர் குவெர்கஸ் ரோபர். குவெர்கஸ் என்பது லத்தீனில் இந்த மரம். ரோபர் என்றால் உறுதியான மரக்கட்டை, அதன் வழியாக வலிமை. நாம் "வைரம் பாய்ந்த கட்டை" என்கிறோமே, ஏறக்குறைய அந்தப் பொருள். அவ்வளவுதான், இதில் சண்டை ஒன்றும் இல்லை.

சண்டை தமிழ்ப் பெயரில்தான். கருவாலியைப் பார்த்ததும் தனித்தமிழ் அன்பர்கள் சிலர் கரு + ஆலி என்று பிரித்து, கரிய ஆலமரம் என்று பொருள் சொல்லி மகிழ்கிறார்கள். ஓக் கரியதும் அல்ல, ஆலும் அல்ல. இந்தச் சொல்லைத் தமிழில் பரவலாக்கியது தமிழ் வேதாகமம். அங்கே வடிவம் "கர்வாலி". தாவீது அரசனின் மகன் அப்சலோமின் தலை மாட்டிக்கொள்வது சன்னல் பின்னலான ஒரு பெரிய கர்வாலி மரத்தில். போர்த்துக்கீசிய மொழியில் ஓக் மரத்துக்குப் பெயர் "கர்வால்யு". வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கிய சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது சோழமண்டலக் கரையில் வெள்ளைக்காரர்களோடு பேசும் பொதுமொழி போர்த்துக்கீசியம். பாதிரி, சாவி, அலமாரி, ஏலம், மேஸ்திரி எல்லாம் அந்த வழியில் வந்து உட்கார்ந்த சொற்கள். கர்வாலியும் அதே கப்பலில் வந்ததுதான் என்பது என் கணிப்பு. வீட்டுச் சன்னல் போர்த்துக்கீசியம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கர்வாலிக்கு மட்டும் ஏன் கரிய ஆலமரக் கதை?

அப்புறம் கர்வாலி எப்படிக் கருவாலி ஆனது? தனிக்குறிலை அடுத்து ரகரமும் ழகரமும் ஒற்றாக வராது என்பது தொல்காப்பிய விதி. தர்மம் தருமம் ஆவதும், சர்க்கரை சருக்கரை ஆவதும், கர்ப்பம் கருப்பம் ஆவதும் இதனால்தான். கருவாலியில் உள்ள "கரு" நிறமல்ல, நாக்கின் வசதி. வேற்றுமொழி என்று தெரிந்ததும் இதைத் தூக்கி எறியச் சொல்லும் கட்சி நானல்ல. வந்து மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் சாவியைச் சாவி என்றுதான் சொல்கிறோம். கருவாலி தமிழ் ஒலிக்கு அடங்கிவிட்டது, வேற்றுமை உருபு ஏற்கிறது, வேறு எந்த மரத்தோடும் குழம்பாது. குழம்பாது என்றா சொன்னேன்? அதுதானே இப்போது நடந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு எங்கோ கேட்ட கருவாலி அரைகுறையாக நினைவுக்கு வருகிறது. கை தானாகப் பழகிய கருங்காலியைத் தட்டிவிடுகிறது. கருங்காலி மாலை விற்பனை சூடு பிடித்த பிறகு இந்த வழுக்கல் இன்னும் அதிகம்.

"இரண்டும் வலுவான மரம்தானே, வாசகருக்கு என்ன பெரிய வித்தியாசம்" என்று ஒரு மொழிபெயர்ப்பாளரே என்னிடம் கேட்டார். வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

கருங்காலி பசுமை மாறாத மரம். ஓக் இலையுதிர்க்கும். குளிர்காலத்தில் மொட்டையாகக் கிளை முறுக்கி நிற்கும் அந்த மரத்தை நம்பித்தான் ஆங்கிலக் கதைகளில் பாதிக் காட்சிகள் இருக்கின்றன. ஓக் இலையின் ஓரம் நேராக இருக்காது, அலை அலையாக மடிந்து மடிந்து போகும். இலைக்குக் காம்பு இருப்பதே தெரியாது. அடியில் காது மடல் போல இரண்டு சின்ன மடிப்பு. இலைக்கு இல்லாத காம்பு காய்க்கு உண்டு. நீண்ட காம்பின் நுனியில், சொரசொரப்பான கிண்ணத்துக்குள் பாதி புதைந்தபடி வழவழப்பான கொட்டை. கருங்காலியில் காய்ப்பது சதைப்பற்றுள்ள சிறு பழம்.

இந்தக் கொட்டை இல்லாவிட்டால் ஓக்கின் கதையே இல்லை. ஜே என்று காக்கைக் குடும்பத்துப் பறவை ஒன்று, இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கில் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு போய் மண்ணில் செருகி வைக்கும். குளிர்காலத்தில் தோண்டித் தின்னும். தின்னாமல் விட்டது முளைக்கும். தாய் மரத்து நிழலில் ஓக் கன்று தேறுவதில்லை, அதற்கு வெளிச்சம் வேண்டும். திறந்த வெளிக்குத் தூக்கிப்போக இப்படி ஒரு சுமைகூலி அதற்குக் கிடைத்தது. முட்புதருக்குள் விழுந்த கொட்டைக்கு இன்னும் யோகம். மான் வாய் வைக்காமல் முள் காவல் காக்கும். "முள்ளே ஓக்குக்குத் தாய்" என்று அங்கே காட்டு வேலை செய்பவர்கள் சொல்வார்கள். மனிதர் வளர்ப்பதென்றாலும் இதே முறைதான்: கொட்டையைக் காயவிட்டால் செத்துவிடும், உதிர்ந்த கையோடு ஊன்ற வேண்டும், முதலில் ஆணிவேர்தான் கீழே ஓடும், மேலே பெரிதாக ஒன்றும் தெரியாது. மரம் கொட்டை தரத் தொடங்கச் சுமார் 40 வருடம். முந்நூறு வருடம் வளரும், முந்நூறு வருடம் வாழும், முந்நூறு வருடம் சாகும் என்பது அந்த நாட்டுச் சொலவடை. மன்னன் ஒளிந்த மரத்தை நினைவுப் பொருளுக்காகக் கிளை கிளையாக ஒடித்தே ஜனங்கள் அழித்துவிட்டார்கள். இப்போது பாஸ்கோபலில் நிற்பது அதன் வழித்தோன்றல். கொட்டையில் பிழைத்த வம்சம். இதையெல்லாம் கருங்காலியின் தலையில் கட்டினால் எந்தப் பறவை எதைப் புதைக்கும்?

பிரிட்டனில் ஓக்கை அண்டி வாழும் உயிரினங்கள் சுமார் 2,300 என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அவற்றில் 326 ஓக்கை விட்டால் வேறு கதியில்லாதவை. வசந்தத்தில் தளிர் விட்டதும் பச்சைப் புழுக்கள் மொய்த்து, சில வருடங்களில் மரத்தையே மொட்டையடித்துவிடும். நீலப் பட்டாணிக்குருவி அந்தப் புழுக்கணக்கைப் பார்த்துத்தான் குஞ்சு பொரிக்கிறது. மரம் கவலைப்படுவதில்லை, கோடையில் இரண்டாவது தளிர் விட்டுக்கொள்ளும். நடுவே பொந்து விழுந்த கிழ மரத்துக்கு மதிப்பு இன்னும் கூடுதல். வௌவால், ஆந்தை, உளுத்த கட்டையில் மட்டுமே வளரும் வண்டுகள் எல்லாம் அங்கேதான் குடி. லிங்கன்ஷையரில் உள்ள பௌதார்ப் ஓக் உள்ளே முழுக்கக் கூடு, சுற்றளவு 12 மீட்டருக்கு மேல், இன்னும் தளிர்க்கிறது.

கருங்காலிக்கு அடுத்த குற்றவாளி தேக்கு. "ஓக் மேசை" என்று வந்தால் "தேக்கு மேசை" என்று எழுதிவிடுகிறார்கள், வாசகருக்குப் புரியட்டும் என்று. மேசை போகட்டும், கப்பலை என்ன செய்வது? 1765இல் வெள்ளோட்டம் விட்ட விக்டரி என்ற ஆங்கிலப் போர்க்கப்பலுக்குச் சுமார் 6,000 மரங்கள் வெட்டினார்கள், பெரும்பகுதி ஓக். டிரஃபால்கர் கடற்போரில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சனுக்கு அடுத்த நிலையில் இருந்த காலிங்வுட், ஊரில் நடக்கப் போகும்போது சட்டைப் பையில் ஓக் கொட்டைகளை வைத்துக்கொண்டு நல்ல இடம் கண்டால் போட்டுவிட்டுப் போவாராம், வருங்காலக் கடற்படைக்கு மரம் வேண்டுமே என்று. ஓக் போதாமல் போன அந்தக் காலத்தில்தான் பம்பாயில் மலபார்த் தேக்கில் போர்க்கப்பல் கட்டினார்கள். 1817இல் அங்கே வெள்ளோட்டம் விட்ட ஒரு கப்பலின் பெயர் டிரிங்கோமலி, அதாவது நம் திருகோணமலை. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது. "தேக்குத் தட்டுப்பாடானதால் தேக்கில் கட்டினார்கள்" என்று எழுதினால் வரலாறு நடுவில் உடைந்துபோகாதா?

சரி, வம்பே வேண்டாம், ஓக் என்றே எழுதிவிடலாம் என்பவர்கள் உண்டு. நியாயமான கட்சிதான், கருங்காலிக்கு அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் தமிழ்நாட்டில் ஓக் என்ற சொல்லை ஏற்கெனவே வேறொருவர் பிடித்துவிட்டார். குன்னூர்ப் பக்கமோ வால்பாறைப் பக்கமோ போய் ஓக் மரம் எது என்று கேளுங்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நெட்டையாக நிற்கிற, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்கைக் காட்டுவார்கள். அது ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை மரம், கிரெவில்லியா. ஓக்குக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. அறுத்தால் ஓக் போன்ற ரேகை தெரிகிறது என்று ஆங்கிலேயர் வைத்த பெயர். இலை சீப்பும் பெரணியும் கலந்த மாதிரி. கொட்டையும் கிண்ணமும் கிடையாது. கோத்தகிரிப் பிள்ளை "ராபின்ஹூட் ஓக் மரத்தடியில் கூடினான்" என்று படித்தால் எஸ்டேட் நிழல் மரம்தான் மனத்தில் வரும். ஷெர்வுட் காட்டின் அந்தப் பிரமாண்டத்தை அதில் எப்படிப் பார்ப்பது?

அகராதிகள் சில "சிந்தூர மரம்" என்று போடுகின்றன. சிந்தூரம் என்றால் ஜனங்களுக்குப் பொட்டு, நிகண்டு படித்தவர்களுக்கு யானை. மரத்தை அதில் தேடுவது வீண் வேலை. "சீமை ஆல்" என்றும் ஒரு புதுச் சொல் சுற்றுகிறது. விழுதில்லாத மரத்துக்கு ஆல் என்று பெயர் வைப்பதற்குத் தைரியம் வேண்டும்.

ஓக் நமக்கு முற்றிலும் அந்நியம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் கேட்டால் தருவார்களே, பிள்ளைக்கு உரைமருந்து உரசுவதற்கு, அது கருவாலியில் விளைவது. காய் அல்ல. ஒரு சிறு குளவி கிளையில் முட்டையிட, மரம் அதைச் சுற்றி வீங்கி உருண்டையாகக் கட்டுகிறது. குளவி துளை போட்டு வெளியேறிய பிறகு கெட்டியாகக் காய்ந்து நிற்கும். கையில் எடுத்துப் பார்த்தால் சில மாசிக்காயில் அந்தத் துளை ஊசி குத்தியது போலத் தெரியும். மேற்காசியாவின் கருவாலி இனம் அது. இங்கிலாந்துக் கருவாலியிலும் இதே போன்ற உருண்டைகள் வருகின்றன. அவற்றின் துவர்ப்பையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் பிசினையும் கலந்து காய்ச்சியதுதான் ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக எழுதிய கறுப்பு மை. 1215இன் மாக்னா கார்ட்டா என்ற ஆங்கில உரிமைச் சாசனமும் அந்த மையில் எழுதியதே. ஆக, மரத்தின் பிள்ளையை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாய்க்குப் பெயர் இல்லை என்று தவிக்கிறோம்.

மரம் பறவைப் பெயர்களில் மட்டும் ஏன் இந்த அலட்சியம் என்று புரியவில்லை. சமையல் குறிப்பில் சீரகத்துக்குச் சோம்பு போட்டால் அடுத்த நாளே திட்டு வருகிறது. ஆஷ் மரத்தைச் "சாம்பல் மரம்" என்று எழுதினால் யாரும் கேட்பதில்லை. பீப்பாயில் ஊறிய மதுவைப் பற்றி எழுதும்போது "கருங்காலிப் பீப்பாய்" என்கிறார்கள். ஓக் கட்டையின் நுண்குழாய்கள் உள்ளுக்குள்ளேயே அடைபட்டுக்கொள்வதால்தான் அதில் மது கசியாமல் நிற்கிறது. அந்த ருசியும் அந்தக் கட்டையிலிருந்து இறங்குவது. மரத்தை மாற்றினால் மதுவே மாறிவிடும், குடிப்பவர்களாவது கேட்கக் கூடாதா?

நான் எழுதும் முறை இது. பொதுவாகக் கருவாலி. குவெர்கஸ் ரோபர் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இங்கிலாந்துக் கருவாலி. முதல் முறை வரும்போது "கருவாலி என்னும் ஓக்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். கொட்டைக்குக் கருவாலிக்கொட்டை, "ஓக் பழம்" வேண்டாம், அதில் சதை இல்லை. வேதாகம மேற்கோள் என்றால் கர்வாலி என்றே விட்டுவிடலாம். இங்கிலாந்து மதுக்கடைகளின் பெயரான ராயல் ஓக் பெயர்ச்சொல், அதை மொழிபெயர்க்க வேண்டாம். சில்வர் ஓக்கை வெள்ளிக் கருவாலி ஆக்கவே ஆக்காதீர்கள். எஸ்டேட்காரர்கள் சொல்கிறபடி சில்வர் ஓக்காகவே இருக்கட்டும்.