ராயல்டி: எரிந்துபோன வாயுவுக்கும் மேல்வாரம் உண்டா?

அமெரிக்காவின் பொது நிலங்களில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும்போது வெளியேறும் பசுங்குடில் வாயுக்களைக் குறைப்பது பற்றிய சட்டங்களைப் படிக்கத் தொடங்குபவர், வானிலையாளர்களின் சொற்களைக் காட்டிலும் கணக்குப்பிள்ளைகளின் சொற்களையே அவற்றில் மிகுதியாகக் காண்பார். குத்தகை, விளைச்சல், வீண், இழப்பு, பங்கு என்று செல்லும் அவ்வரிசையில் நடுநாயகமாக நிற்பது 'ராயல்டி'. நூலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் கிடைக்கும் தொகையாக நாம் அறிந்த இச்சொல்லைத் தமிழில் உரிமத்தொகை, உரிமைத்தொகை, காப்புரிமைத்தொகை என்று பலவாறு எழுதுகிறோம். சில வேளைகளில் ஒலிபெயர்த்து அப்படியே விட்டுவிடுகிறோம். கனிமத்தைப் பற்றிய செய்தியில் இவற்றுள் எதை இட்டாலும் பொருள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதைக் காண, சொல்லின் பிறப்பிலிருந்தே வர வேண்டும்.

இலத்தீனில் அரசனைக் குறிக்கும் 'ரெக்ஸ்' என்பதிலிருந்து, 'அரசனுக்குரிய' என்னும் பொருள்தரும் 'ரேகாலிஸ்' பிறந்தது. அது பழைய பிரெஞ்சு மொழியில் தேய்ந்து, ஆங்கிலத்துக்குச் சென்று 'ராயல்' ஆயிற்று. அதன் பண்புப்பெயரே ராயல்டி. இலத்தீனின் ரெக்ஸும் வடமொழியின் ராஜனும் ஒரே வேரின் கிளைகள் என்பது மொழிநூலார் முடிவு. ஆகவே, ராயல்டி என்றதும் விசயநகரத்து ராயர்களை நினைத்துக்கொள்ளும் தமிழ்க் காது முற்றிலும் பிழையாகக் கேட்கவில்லை. முதலில் அரசத்தன்மையையும் பிறகு அரசனுக்கு மட்டுமே உள்ள தனியுரிமைகளையும் இச்சொல் குறித்தது. பொன், வெள்ளிச் சுரங்கங்கள் எவருடைய நிலத்தில் இருந்தாலும் அவை முடிக்கே உரியவை என்று, நார்தம்பர்லாந்துப் பிரபுவுக்கு எதிராக முதலாம் எலிசபெத் அரசி தொடுத்த வழக்கில் 1568இல் தீர்ப்பாயிற்று; இத்தகைய உரிமைகளே ராயல்டியின் பழைய பொருள். 19ஆம் நூற்றாண்டில், சுரங்கம் தோண்டுபவர் நில உடைமையாளருக்குத் தரும் தொகை என்று பொருள் விரிந்து, அதன் பின்னரே அது நூலாசிரியரிடம் வந்து சேர்ந்தது. நாம் முதலில் அறிந்த பொருள்தான் வரலாற்றில் கடைசியாக வந்தது.

அரசனை வேண்டாமென்ற அமெரிக்கா அவன் சொல்லை வைத்துக்கொண்டது. அங்கே தனியார் நிலத்துக்கு அடியிலுள்ள கனிமமும் தனியாருக்கு உரியதாக இருக்கலாம் என்பதால், டெக்சாசின் பண்ணைக்காரர் ஒருவர்கூட எண்ணெய் நிறுவனத்திடம் ராயல்டி வாங்க முடியும். அந்நாட்டு வழக்கில் ராயல்டி என்பது ஆள்பவர் விதிக்கும் வரியைக் காட்டிலும் உடையவர் பெறும் பங்கையே குறிக்கிறது. கூட்டரசின், அதாவது நாட்டின் நடுவண் அரசின், நிலத்தில் உடையவர் அரசாக இருப்பதால், குடிமக்கள் சார்பில் அரசு அதைப் பெறுகிறது. அங்குள்ள நில மேலாண்மைப் பணியகம் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் நிலத்தையும், 70 கோடி ஏக்கர் பரப்பின் அடியிலுள்ள கனிமங்களையும் பார்த்துக்கொள்கிறது. கூட்டரசின் நிலங்களிலும் கடற்பகுதிகளிலும் எடுக்கப்பட்ட புதைபடிவ எரிபொருள்களால், எடுப்பது முதல் எரிப்பது வரை வெளியான கரியமில வாயு, 2005–2014 காலத்தில் அந்நாட்டு மொத்தத்தில் ஏறத்தாழ 24 விழுக்காடு என்று அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை 2018இல் கணக்கிட்டது. மீத்தேனில் அப்பங்கு ஏறத்தாழ 7 விழுக்காடு.

இந்நிலங்களுக்கு அடிப்படையானது 1920ஆம் ஆண்டின் கனிமக் குத்தகைச் சட்டம். குத்தகை நிலத்திலிருந்து 'அகற்றப்பட்ட அல்லது விற்கப்பட்ட' விளைச்சலின் அளவிலோ மதிப்பிலோ குறைந்தது 12.5 விழுக்காட்டை ராயல்டியாகத் தர வேண்டும் என்பது அதன் இன்றைய வாசகம். நம் பழைய பின்னக் கணக்கில் அது அரைக்கால் பங்கு. 2022இல் பணவீக்கக் குறைப்புச் சட்டம் புதிய குத்தகைகளுக்கு அதை 16.67 விழுக்காடாக, அதாவது ஆறில் ஒன்றாக உயர்த்தியது. 'இறைப்பொருள் ஆறில் ஒன்று' என்று குறளின் 43ஆம் பாவுக்கு உரைகண்ட பரிமேலழகர் சொன்ன அதே பங்குதான் இது. தற்செயல் என்றாலும் சுவையான தற்செயல். 2025 சூலையில் நிறைவேறிய சட்டம் அதை மீண்டும் அரைக்காலுக்கே இறக்கிவிட்டது. செய்திகளில் பெரிதாகப் பேசப்படுவது இந்த வீத மாற்றமே. ஆனால், வாயு வெளியேற்றத்தைப் பொறுத்தவரை வீதத்தைவிட 'அகற்றப்பட்ட அல்லது விற்கப்பட்ட' என்ற தொடரே முதன்மையானது என்று கருதுகிறேன்.

காரணம் எளிது. எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு வாயுவும் சேர்ந்தே மேலே வருகிறது. எண்ணெயை லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம். வாயுவை அனுப்பக் குழாய்ப்பாதை வேண்டும். வடக்கு டகோட்டாவின் பாக்கன் எண்ணெய் வயலில் நடந்ததுபோல, கிணறுகள் பெருகும் வேகத்துக்குக் குழாய்கள் ஈடுகொடுக்காதபோது, உயரமான குழலின் உச்சியில் வாயுவைக் கொளுத்திவிடுகிறார்கள். சில நேரம் கொளுத்தாமலேயே காற்றில் விட்டுவிடுகிறார்கள். முன்னதை எரித்துவிடல் என்றும் பின்னதைத் திறந்துவிடல் என்றும் தமிழில் சொன்னால் போதும். கலைச்சொல் என்பதற்காகக் கடுஞ்சொல் தேட வேண்டியதில்லை. எரித்துவிட்டால் மீத்தேன் பெரும்பாலும் கரியமில வாயுவாக மாறுகிறது; திறந்துவிட்டாலோ, சுடர் அணைந்துபோனாலோ மீத்தேன் அப்படியே வெளியேறி, 20 ஆண்டுக் கணக்கில் அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல் 80 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. இவற்றோடு அடைப்பிதழ்களிலும் சேமிப்புத் தொட்டிகளிலும் ஏற்படும் கசிவும் உண்டு. நியூ மெக்சிகோ, கொலராடோ, யூட்டா, அரிசோனா ஆகிய நான்கு மாநிலங்களும் கூடும் முனையில், ஏறத்தாழ 6,500 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் மீத்தேன் செறிந்து கிடப்பதைச் செயற்கைக்கோள் தரவுகளின் வழியே கண்டறிந்தது 2014இல் வெளியான ஓர் ஆய்வு. இவ்வாறு போகும் வாயு விற்கப்படுவதும் இல்லை, எங்கும் எடுத்துச்செல்லப்படுவதும் இல்லை. எனவே அதற்கு ராயல்டி உண்டா என்ற கேள்வி எழுகிறது.

நகைக்கடையில் சேதாரம் என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு இக்கேள்வி எளிதில் விளங்கும். பொன்னை உருக்கி இழைக்கும்போது கொஞ்சம் போகத்தான் செய்யும். எவ்வளவு போவது நியாயம், அது யார் கணக்கில் சேரும் என்பதே வழக்கு. அமெரிக்க விதிகளும் இழப்பை 'தவிர்க்கத்தக்க இழப்பு', 'தவிர்க்கவியலா இழப்பு' என இரண்டாக்கி, முன்னதற்கு மட்டும் குத்தகைதாரர் ராயல்டி கட்ட வேண்டும் என்கின்றன. எது தவிர்க்கத்தக்கது என்று வரையறுப்பதில்தான் ஆண்டுக்கணக்கான சண்டை. கூட்டரசின் குத்தகை நிலங்களில் எரித்தும் திறந்தும் விடப்பட்ட வாயுவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை, அன்று கிடைத்த தொழில்நுட்பங்களைக் கொண்டே செலவு கட்டுபடியாகும் வகையில் பிடித்திருக்கலாம் என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2010இல் கூறியது. பிடித்திருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.3 கோடி டாலர் ராயல்டி கூடுதலாக வந்திருக்கும், 1.65 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றமும் குறைந்திருக்கும் என்பது அதன் மதிப்பீடு.

வீணாவதைத் தடுக்க நியாயமான முன்னெச்சரிக்கைகள் எல்லாவற்றையும் குத்தகைதாரர் எடுக்க வேண்டும் என்று 1920ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அதன் வலிமையில் 2016இல் பணியகம் ஒரு விதியை இயற்றியது. 2018இல் அடுத்து வந்த ஆட்சி அதன் பெரும்பகுதியை நீக்கியது. நீக்கியது செல்லாது என்று 2020 சூலையில் கலிபோர்னியாவின் கூட்டரசு நீதிமன்றமும், விதியே செல்லாது என்று அதே ஆண்டு அக்டோபரில் வயோமிங்கின் கூட்டரசு நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. வயோமிங் தீர்ப்பு சொல்லாய்வாளர்களும் படிக்க வேண்டியது. வீணாவதைத் தடுப்பது நிலம் காக்கும் பணியகத்தின் வேலை, காற்றின் தூய்மை வேறு முகமையின் வேலை, முன்னதன் பெயரால் பின்னதைச் செய்ய முடியாது என்பதே அதன் சாரம். ஒரே வாயுவை 'வீண்' என்றால் ஒரு துறைக்கும், 'மாசு' என்றால் இன்னொரு துறைக்கும் அது போய்ச் சேர்கிறது. கசிவைக் கண்டறியும் திட்டமும், எரித்துவிடும் அளவுக்கு மாத வரம்பும் கொண்டு 2024 ஏப்ரலில் வந்த விதி, ஆண்டுக்கு 5 கோடி டாலருக்கு மேல் கூடுதல் ராயல்டி வரும் என்று உடையவரின் மொழியிலேயே தன்னை நியாயப்படுத்திக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வடக்கு டகோட்டா முதலிய மாநிலங்கள் அதையும் நீதிமன்றத்துக்கு இழுத்தன. புதிய குத்தகைகளில் எடுக்கப்படும் வாயு முழுவதற்கும், எரித்ததும் திறந்துவிட்டதும் உட்பட, தவிர்க்கவியலா இழப்பு போன்ற சில விலக்குகள் நீங்கலாக, ராயல்டி உண்டு என்று சட்டத்திலேயே எழுதியது 2022ஆம் ஆண்டுச் சட்டம்; 2025இல் அப்பிரிவும் நீக்கப்பட்டது.

இனித் தமிழுக்கு வருவோம். உரிமத்தொகை என்ற சொல்லின் குறை, அது உரிமம் வழங்குவதற்கான கட்டணம்போல் ஒலிப்பது. தோண்டினாலும் தோண்டாவிட்டாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் கட்டும் வாடகை அங்கே தனியாக உண்டு. ராயல்டி விளைச்சலைப் பொறுத்தது. 'வரி' என்பதும் பொருந்தாது. இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்குண்டு: இந்தியா சிமெண்ட்சுக்கும் தமிழ்நாட்டு அரசுக்கும் இடையிலான வழக்கில் 1989இல் உச்சநீதிமன்றத்தின் எழுவர் அமர்வு ராயல்டி ஒரு வரி என்றது, 'ராயல்டியின் மீதான தீர்வை ஒரு வரி' என்று எழுத வந்து சொல் விடுபட்டுப்போனது என்று 2004இல் ஐவர் அமர்வு கருதியது, கடைசியில், 2024 சூலை 25 அன்று ஒன்பதின்மர் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ராயல்டி வரியன்று, குத்தகைக்கு விட்டவருக்குக் குத்தகைதாரர் தரும் ஈடு என்று முடித்துவைத்தது. விடுபட்ட ஒரு சொல்லுக்காக 35 ஆண்டுகள்.

உறுபொருள் என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். உடையவர் இல்லாமல் தானே வந்து சேரும் பொருள் என்றும், நெடுங்காலம் நிலத்தில் கிடந்து பின் கண்டெடுக்கப்பட்டது என்றும் அதற்குச் சொல்லப்படும் உரை, கனிமத்துக்கு அழகாகவே பொருந்துகிறது. ஆயினும் அது முழுப்பொருளையும் அரசனுக்கு ஆக்கிவிடுகிறது. பங்கு என்ற கருத்து அதில் இல்லை. அக்கருத்து உள்ள சொல் மேல்வாரம். விளைச்சலில் உழுபவரின் பங்கு குடிவாரம், அரசோ நிலவுடைமையாளரோ பெறும் பங்கு மேல்வாரம். சென்னை மாகாணத்து நீதிமன்றங்கள் ஆங்கிலத் தீர்ப்புகளிலேயே இவ்விரு சொற்களையும் மொழிபெயர்க்காமல் ஆண்டன. 'கனிம வாரம்' என்று சுருக்கினால் ஏதோ அரசு விழா வாரம் என்று தோன்றிவிடும் ஆதலால், 'கனிம மேல்வாரம்' என்றே முழுமையாக எழுத வேண்டும். இச்சொல்லின் இன்னொரு சிறப்பு, வாரத்தைக் களத்தில் அளப்பது வழக்கம் என்பது. பிரிப்பதற்கு முன் களத்தில் வைக்கோலோடு கொளுத்திவிட்ட நெல்லுக்கு வாரம் இல்லை என்று எந்தக் குடியானவரும் வாதிட முடியாது. ராயல்டி என்ற சொல் மறைக்கும் இந்த நியாயத்தை மேல்வாரம் தானே எடுத்துக்காட்டுகிறது. இதே போக்கில், பொது நிலத்தைப் புறம்போக்கு என்று பெயர்ப்பதையும் தவிர்க்கலாம். புறம்போக்கு என்பது வருவாய்க் கணக்குக்குப் புறத்தே போனது. அந்த அமெரிக்க நிலங்களோ கணக்கின் நடுவே இருப்பவை. கணக்குக்குப் புறத்தே போவது வாயுதான்.

இந்தியச் சட்டத்திலும் இதே முடிச்சு உண்டு. 1948ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டம், தவிர்க்கவியலாமல் இழக்கப்பட்ட எண்ணெய்க்கும் வாயுவுக்கும் ராயல்டி இல்லை என்கிறது. அதைத் தமிழில் எழுதும்போது 'தவிர்க்கவியலாமல் இழந்த வாயுவுக்கு மேல்வாரம் இல்லை' என்று எழுதினால், தவிர்த்திருக்கக்கூடியதை இழந்தால் என்ன என்று அடுத்த வரியிலேயே படிப்பவர் கேட்பார். நூலாசிரியர் பெறுவதற்கு உரிமைத்தொகை என்ற பெயரே இருக்கட்டும்.